வேட்டைக்காரர் பேக்கரும் வேளாண்மைக் காவலும்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணையில் நின்று, கடலுக்கு முதுகு காட்டி மேற்கே நோக்குவார்க்கு முதலிற் குடிமனைகளும் தென்னந்தோப்புகளும் தோன்றும், அவற்றுக்கப்பால் நெல்வட்டைகள், வட்டைகளின் விளிம்பிலே காடு. 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயை மணல் மூடுவது பற்றியும், அயற்கரையைக் கடல் அரிப்பது பற்றியும் பலர் எழுதிவிட்டனர். யான் எழுதப் புகுந்தது மேற்றிசையைப் பற்றி. பெரும்போகத்துக் கதிர் பாலடைக்கும் நாள்களில் அக்காட்டிலிருந்து யானை இறங்கும். பன்றியும் நரியும் அதற்கு முன்னரே வந்திருக்கும். எம்மவர் பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டி, யானைவெடி கொளுத்தி இரா முழுதும் விழித்திருப்பர். சிறுவனாயிருந்தபோது யானும் தந்தையாருடன் அவ்வாறு சில இரவுகள் பரணில் இருந்ததுண்டு. இருளிலே யானை கண்ணுக்குத் தெரிவதில்லை. கதிரை வேரோடு பிடுங்கி, மண்போகக் காலில் அடித்து வாயிலிடும் ஓசையே கேட்கும். அவ்வோசையைக் கேட்டவர் அதனை மறப்பதில்லை.

இவ்வரலாற்றுக்கு உரியவர் சேர் சாமுவேல் வைற் பேக்கர். நீல நதியின் மூலத்தைத் தேடிச் சென்றவராக உலகம் அவரை அறியும். ஓட்டன் சமவெளிக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயரால் அறிவர். ஆயின், ஆபிரிக்காவுக்குச் செல்லுமுன் அவர் நம் நாட்டிலே ஏறத்தாழ எட்டாண்டு வாழ்ந்தார், நிலம் வெட்டிப் பயிர் செய்தார், விளைந்ததை விலங்குகளுக்குப் பறிகொடுத்தார், யானைகளைச் சுட்டார், அவற்றுள் ஒன்றினால் உயிரிழக்கும் தறுவாய்வரை சென்று மீண்டார். அவ்வேட்டைகளிலே அவருக்குக் கண்ணாக இருந்தவர்களுட் சிறந்தவர் கிழக்கிலங்கைச் சோனகர். இந்த இறுதிச் செய்தியே என்னை அவர் நூல்களின்பால் ஈர்த்தது.

அவர் பிறந்தது 1821ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள், இலண்டன் மாநகரில். தந்தையார் கப்பலும் கரும்புத் தோட்டமும் உடைய வணிகர். குடும்பத் தோட்டங்கள் யமேக்காவிலும் மொரீசியசிலும் இருந்தன. கணக்கேட்டின் முன் அமர்ந்திருக்க இளைஞர் பேக்கருக்கு மனம் ஒருப்படவில்லை. 1843ஆம் ஆண்டில் என்றியெற்றா மாட்டினை மணந்து மொரீசியசு சென்றார், அங்கும் தரிக்கவில்லை. இலங்கையிலே யானை மலிந்த காடுகள் உள என்று கேட்டு இங்கு வந்தார். வந்தவருக்கு நுவரெலியாவிற் கடுங்காய்ச்சலிலிருந்து உடல் தேறியது. அக்குளிர் நிலத்திலே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்டிவிடலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது.

1848ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் கப்பலேறிற்று. தம்பியர், குடும்பத்தார், கொல்லன், பண்ணையாள்கள், உயர்சாதிப் பசு, செம்மறிகள், வேட்டைநாய்கள், கலப்பைகள், ஒரு குதிரை வண்டி, அதை ஓட்ட ஒரு வண்டிக்காரர் என்று அனைத்தும் கொழும்பில் வந்திறங்கின. வண்டிக்காரர் மதுப்பிரியர். மலைப்பாதையில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் வீழ்த்தினார். கவிழ்ந்த வண்டியை மீட்க அனுப்பிய யானையையும், மது மயக்கத்தில் மலையேற்றத்திலே விரைந்தோட்டிச் சாகடித்தார். பேக்கர் இதனைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். அந்த யானைக்காக ஒரு சொல் வருந்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

அதன்பின் நிகழ்ந்தவை சிரிப்புக்குரியனவல்ல. காடு வெட்டி உருளைக்கிழங்கு நட்டனர். மண்ணுள் இருந்த புழு அதனைத் தின்றது. ஓட்சு விதைத்தனர், மரையும் பன்றியும் இரவிரவாக வந்து மேய்ந்தன. கொள்ளைநோயால் மாடுகள் மடிந்தன. இங்கிலாந்திலே நூல் படித்து வகுத்த திட்டம் எல்லாம் ஈராண்டுக்குள் உருக்குலைந்தது. வெள்ளாமை செய்து பழகிய நம் போடியார்களுக்கும் முல்லைக்காரர்களுக்கும் இது புதிய கதையன்று. விதைத்தவனுக்கு முன் விலங்கு அறுவடை செய்வதைப் பார்த்தவருக்கு உண்டாகும் சினம் எத்தகையது என்பதைப் பேக்கர் தம் நிலத்திலேயே கற்றார். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. மண்ணுக்கு எருவூட்டினார், பண்ணை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மரையை வேட்டைநாய்களைக் கொண்டு துரத்தி, ஓடையின் நடுவே அது திரும்பி நின்று எதிர்க்கும்போது, துப்பாக்கியின்றிக் கத்தியுடன் நீரிலிறங்கிக் கொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். தம் நாய்களின் பெயர்களையும் குணங்களையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். கில்பக், சிமற், புளூபியாட் என்னும் நாய்களைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள், புலவன் தன் புரவலனைப் பாடியதுபோல் இருக்கின்றன.

மலைநாட்டிலே யானை அருகியபோது அவர் கிழக்கே இறங்கினார். பதுளைக்குக் கிழக்கே, பட்டிப்பளை ஆறு பாயும் பக்கமாக, மரங்கள் இடையிட்டு நிற்கும் புல்வெளி நாடு ஒன்று உண்டு. அதனை அவர் பூங்காநாடு என்னும் பொருள்பட அழைத்தார். சிங்களர் கல்லோயா என்று வழங்கும் அந்த ஆற்றின் நீரே, 1949ஆம் ஆண்டில் தொடங்கிய அணைக்கட்டு வேலையின் பின்னர்ச் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, வாய்க்கால் வழியாக எம் பகுதி வயல்களுக்கு வருகின்றது. களியோடையும் அதன் ஒரு கிளையே. பேக்கர் ஒலுவிலுக்கு வந்தார் என்று யான் கூறவில்லை. அவர் வேட்டையாடிய யானைகள் குடித்த நீரில் எம் நெல் விளைகின்றது என்ற அளவே கூறுகிறேன்.

அக்கால வேட்டையின் இயல்பை இளைய வாசகர் உணர வேண்டுமாயின் துப்பாக்கியைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். பிறிசுற்றல் நகரத்துக் கிப்சு என்பவரிடம் 1840ஆம் ஆண்டளவிற் பேக்கர் செய்வித்த துப்பாக்கியின் நிறை 21 இறாத்தல். மருந்தையும் குண்டையும் குழல்வாயால் இட்டு இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்புவதற்குள் யானை பத்து முறை வந்து சேர்ந்துவிடும். ஆதலால் நிரப்பிய துப்பாக்கிகளை ஏந்திப் பின்னே நிற்கும் ஆள்களின் நெஞ்சுரத்திலேயே முன்னே நிற்பவரின் உயிர் தங்கியிருந்தது. யானையின் மத்தகத்திலே மூளையைத் தாக்குங் குண்டன்றிப் பிற பயனில. அதற்குப் பத்துப் பதினைந்து அடி தூரம்வரை நெருங்குதல் வேண்டும். பேக்கர் நெருங்கினார். அவருடைய வீரத்தை ஐயுறுவார் அவர் நூலைப் படிக்காதவரே.

அப்பூங்காநாட்டில் ஒருநாள், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மானாப்புல்லினுள்ளே யானைக்கூட்டம் ஒன்றை அவரும் தோழர்களும் எதிர்ப்பட்டனர். அந்தப் புல்லினுள் யானையும் தெரியாது, மனிதனும் தெரியான். புல்லின் நுனி அசைவதே அடையாளம். வெடிப்புகை கலையாத அந்நேரத்தில் யானை அவர்மேல் வந்துவிட்டது. தொடையிலே பேரிடி விழுந்தாற்போன்ற ஓர் அடி. அடுத்த கணம் அவர் பல அடி தூரத்திலே புல்லுக்குள் கிடந்தார். கால் மரத்துப்போயிற்று, துப்பாக்கி கையில் இல்லை. அவரைத் தேடி யானை துதிக்கையாற் புல்லை அடித்து, முகர்ந்து முகர்ந்து சுற்றியது. புல் முறியும் ஓசை நெருங்குவதும் விலகுவதும் மீண்டும் நெருங்குவதுமாக இருக்க, அவர் மூச்சை அடக்கிக் கிடந்தார். ஒரு புரளல், ஓர் இருமல் போதும், எட்டாண்டு இலங்கை வாழ்வும் பின்வந்த நீலநதியும் அங்கேயே முடிந்திருக்கும். யானை அவரைக் காணாது சென்றது. கருத்து வீங்கிய காலோடு தோழரால் எடுக்கப்பட்டவர், கால் தேறுமுன்னரே மீண்டும் வேட்டைக்கு எழுந்தார் என்பது அவர் இயல்பைக் காட்டும். என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் புல்லுக்குள் கிடந்த நேரம், பரணில்லாத வயற்காவலன் ஒவ்வொருவனும் இரவுதோறும் கிடக்கும் நேரமேயன்றோ? காவலன் அதனை நாடிச் செல்வதில்லை; பேக்கர் நாடிச் சென்றார்.

இனி அந்தச் சோனகரைப் பற்றி. பொலன்னறுவைக்கும் கீழ்க்கரைக்கும் இடைப்பட்ட காட்டூர்களிலே அவர் கண்ட தடம்பார்ப்போர் வல்லவர்கள். அமுங்கிய ஒரு புல், ஈரங்காயாத ஒரு மண்கட்டி, முறிந்த கிளையின் பால் என்னும் இவற்றைக் கொண்டு யானை எப்போது, எத்திசையிற் சென்றது என்று துணிய வல்லவர். ஏனையோர் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியபோதும் நின்றவர்கள் என்று பேக்கர் அவர்களைப் போற்றுகிறார். அவர்கள் யானையைக் கொல்லும் தொழிலினர் அல்லர், பிடிக்கும் தொழிலினர். எருமை, மான் முதலியவற்றின் தோலைத் திரித்த கயிற்றுடன் காற்றுக்கு எதிர்ப்புறமாகப் பின்னே ஊர்ந்து சென்று, யானை ஓடுகையில் அதன் பின்னங்காலிற் கண்ணியை இட்டு, கயிற்றின் மறுதலையை மரத்திற் சுற்றிவிடுவர். பேக்கர் ஒருமுறை அவர்களோடு கூடச் சென்று இவ்வாறு யானை கட்டப்படுவதை நேரிற் கண்டு வியந்தார். ஏறாவூர்ப் பணிக்கர் என்று பிற்காலத்தும் பெயர்பெற்றவர்கள் இத்தொழின் மரபினரே. அக்காலத்து இலங்கை அரசாங்கச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்றும் தம் நூலில் இவர்களை விரித்து எழுதியிருக்கிறார். வெறுங்கையும் தோற்கயிறும் கொண்டு யானையின் காலடியிற் செல்பவனின் துணிவு பெரிதா, 21 இறாத்தற் துப்பாக்கியுடன் மத்தகத்தின் எதிரே நிற்பவனின் துணிவு பெரிதா என்று என் மாணவரிடம் ஒரு பட்டிமன்றமே வைத்தேன். முடிவு எதுவென்று கூற வேண்டியதில்லை. வைத்த இடம் எங்களூர்.

நாய்களுக்குப் பெயர் எழுதிய பேக்கர், இம்மனிதருட் பெரும்பாலோரை இனப்பெயராலேயே குறித்துச் சென்றது எனக்குக் குறையாகவே படுகின்றது. இதைவிடப் பெருங்குறை, அவர் கொன்ற யானைகளின் தொகை. இதை அவர்மேல் மட்டும் சுமத்துதல் நீதியன்று. அந்நாளில் யானை அரசாங்கத்தின் கண்ணில் ஒரு பயிர்ப்பூச்சி. கொன்று வருவோர்க்கு வெகுமதி கொடுத்தனர். வடமாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3,500 யானைகளுக்கும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதெனத் தெனன்று கணக்குத் தருகிறார். தனியொருவராக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேசர் றொயர்சு, 1845இல் அப்புத்தளையிலே இடிவிழுந்து மாண்டார். இலங்கை யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமில்லை. ஆதலின் இக்கொலைகளாற் பொருளும் இல்லை. பேக்கர் நூல்களிலே, உழவர் வேண்டுகோளுக்கிணங்கி வயலழிக்கும் யானையைச் சுட்டது ஆங்காங்கு வருகின்றது. எனினும் என் மதிப்பீட்டில் உழவனின் துயர் அவருக்குச் சாட்டு, வேட்டையின் களிப்பே நோக்கம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் காட்டும் தலைவனையும் ஈண்டு நினைக்கின்றேன். தினைப்புனங் காத்த மகளிர் மதயானையைக் கண்டு நடுங்கிய வேளையில் அவன் எய்த அம்பு யானையின் முகத்திற் பட்டு, அது திரும்பி ஓடுகின்றது. அச்சம் நீங்கியதோடு அவன் வேலை முடிந்தது. அதனைத் தொடர்ந்து சென்று கொன்று எண்ணிக்கை கூட்டினானல்லன்.

காய்ச்சல் மீண்டும் பற்றியதால் 1855ஆம் ஆண்டிற் பேக்கர் இலங்கையை விட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் என்றியெற்றா பிரான்சின் பிரனீசு மலையடிவாரத்திலே நச்சுக்காய்ச்சலால் இறந்தார். பேக்கர் நான்கு பெண்மக்களுடன் நின்றார். அதற்கு முந்தியவாண்டில் வெளிவந்த துப்பாக்கியும் வேட்டைநாயும் பற்றிய நூலும், அவ்வாண்டில் வெளிவந்த எட்டாண்டு அலைவு பற்றிய நூலும் அவருக்குப் புகழ் தந்தன. 1859இல் தன்யூப் நதிக்கரையின் விதின் நகரத்து அடிமைச் சந்தையிலே கண்ட புளோரன்சு என்னும் இளம்பெண்ணை மீட்டு, பின்னர் மனைவியாக்கினார். இருவரும் 1864 மாச்சு 14ஆம் நாள் அல்பேட் ஏரியைக் கண்டனர்; 1866இல் சேர் பட்டம் கிடைத்தது; 1869 முதல் 1873 வரை எகிப்திய மன்னரின் ஆணையில் மேல்நைல் நாட்டிலே அடிமை வாணிகத்தை ஒடுக்கப் படைநடத்தினார். இவை யாவும் பிறரால் விரிவாக எழுதப்பட்டவை.

ஒன்று மட்டும் நிறுத்திச் சொல்லத்தக்கது. அபிசீனிய எல்லையிலே அம்ரான் அரபியர் குதிரைமேல் சென்று, யானையின் பின்னங்கால் நரம்பை வாளால் வெட்டி வீழ்த்துவதைப் பேக்கர் கண்டார். துப்பாக்கியின்றி வேட்டையாடும் முசிலிம் வேடர் மீண்டும் ஒருமுறை அவர் முன்னே நின்றனர். இம்முறை தாகிர் செரீபு, ஊனமுற்ற கையோடு குதிரையூர்ந்த இறோடர் செரீபு, அபூதோ என்று பெயர்களை எழுதினார். அவர் மொழியையும் கற்றார். இலங்கையிற் பயன்பட்ட நெற்றிக் குண்டு ஆபிரிக்க யானையிடம் பயன்படாததையும் அங்கே கண்டறிந்தார்.

1893ஆம் ஆண்டு திசெம்பர் 30ஆம் நாள் தெவன் கோட்டத்திலுள்ள தம் மனையிலே, 72ஆம் வயதில் அவர் இறந்தார். உடல் எரியூட்டப்பட்டுச் சாம்பல் கிரிம்லி என்னும் ஊரில் அடக்கப்பட்டது. புளோரன்சு 1916வரை அம்மனையில் வாழ்ந்தார்.

நம் நாட்டிலே யானைக்கும் உழவனுக்கும் உள்ள வழக்கு அவருடன் முடியவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் அதில் இறந்தனர். ஒலுவிலிலே பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் யானை நுழைகின்றது.

நுவரெலியாப் பண்ணையைச் சாமுவேல் விட்டுச் சென்றபின் அதனை நடத்தியவர் அவருடன் வந்த உடன்பிறந்தார் யோன் பேக்கர். அவரைப் பற்றி நூல் இல்லை, நீர்வீழ்ச்சியும் இல்லை. மககசுத்தோட்டை என்னும் அந்நிலம் நெடுங்காலம் அவர் குடும்பத்தாரிடமே இருந்து பயிர் விளைத்தது.