கிட்டியின் பிடியைத் தளர்த்தியவர்

பருத்திப்பட்டிலிருந்து பூந்தமல்லி நீதிமன்றத்துக்குப் போகிற உழைப்பாளி, ஒரு நாள் கூலியை இழந்துவிட்டுத்தான் அந்தப் படியில் கால் வைக்கிறான். அங்கே குற்றத்தை எடுத்துரைக்க அரசு வழக்கறிஞர். தீர்ப்புச் சொல்ல நீதிபதி. பிடித்து வந்தவரோ போலீஸ்காரர். மூன்று வேலை, மூன்று ஆட்கள். இந்தப் பிரிவினை வானத்திலிருந்து விழுந்த வரமா? அரசாண்டவர்கள் மனமிரங்கித் தந்த பிச்சையா? இல்லை தோழர்களே, இல்லை! அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒரு சென்னை வணிகரின் பெயர் இருக்கிறது.

காஜுலு லட்சுமிநரசு செட்டி! 1806இல் சென்னையில் பிறந்தவர். அவுரி வாணிபமும் துணி வாணிபமும் செய்து பொருள் குவித்த குடும்பம். பட்டு மெத்தையில் படுத்துப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 1844இல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். கும்பினி சர்க்கார் முகம் சுளித்தது. 1852இல் சென்னைச் சுதேசிச் சங்கத்தைக் கண்டார். கடலுக்கு அப்பாலிருந்த பிரிட்டிஷ் பார்லிமெண்டின் கதவைத் தட்டினார், மனுக்களை அனுப்பி!

எதற்காக? அன்றைய தாலுகா கச்சேரியை எண்ணிப் பாருங்கள். வரி வசூலிப்பவர் தாசில்தார். போலீசுக்குத் தலைவர் அவரே. சிறு குற்றங்களுக்குத் தண்டனை தருபவரும் அவரே. வாங்குபவரும் அவர், வழக்குத் தொடுப்பவரும் அவர், வதைப்பவரும் அவர்! பருத்திப்பட்டு அடங்கிய செங்கற்பட்டு ஜில்லாவிலும் முறை இதுதான். ஏரி வற்றினாலும் வரி வற்றவில்லை. கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தனர். மாட்டுக்குப் போடும் அண்ணாந்தாளை மனிதனுக்குப் போட்டனர். தலை காலைத் தொடும்படி கட்டி, வெயிலில் நிறுத்தினர். சர்க்காருக்குச் சேரவேண்டியதற்கு மட்டுமா இந்தச் சித்திரவதை? சேவகனின் மடிக்குச் சேரவேண்டிய லஞ்சத்துக்கும் இதே கிட்டிதான்!

யாரிடம் முறையிடுவது? அடித்தவனின் மேலதிகாரியிடம். அவர் இருப்பதோ பல நாள் நடைத் தொலைவில். போய்வரும் செலவுக்கு அந்த வரியையே கட்டிவிடலாமே!

1853இல் பார்லிமெண்ட் உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு அவரை மாளிகை விருந்தோடு அனுப்பிவிடவில்லை. ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்றார். குடியானவர்களின் குறைகளை அவர்கள் வாயாலேயே கேட்கச் செய்தார். 1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில் விவாதம் வெடித்தது. செப்டம்பரில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என மூவர்.

கால அவகாசமோ குறைவு. ஆனாலும் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் எழுதி அனுப்பினர். ஆக 1,959 முறையீடுகள்! பலர் நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தவர்கள். ஊமைகள் என்று எண்ணப்பட்டவர்கள் வாய் திறந்தார்கள். 1855 ஏப்ரலில் வந்த அறிக்கை, கொடுமை உண்மை என்றது. 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் ஏட்டில் அந்த அறிக்கையை எடுத்து வைத்து, கும்பினி ஆட்சியின் முகத்திரையைக் கிழித்தார்.

ஆனால் அறிக்கையின் ஓட்டையையும் நாம் சொல்லியாக வேண்டும். பழி முழுவதும் கீழே உள்ள உள்நாட்டுச் சேவகர் தலையில் இறங்கிற்று. மேலே இருந்த வெள்ளைத் துரைமார்கள் அறியாதவர்கள் என்று விலக்கப்பட்டார்கள். வேலைக்காரன் குற்றவாளி, வசூல் கணக்கை வாங்கிய எசமான் குற்றமற்றவனாம்! இந்தப் பழைய வித்தை இன்றும் செத்துவிடவில்லை.

இருந்தும் பலன் விளைந்தது. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்து, வரி வசூலும் போலீசும் வெவ்வேறு கைக்குப் போயின. லட்சுமிநரசு 1863இல் சட்டசபை உறுப்பினரானார். 1868இல் மறைந்தபோது, திரட்டிய செல்வம் பொதுப்பணியில் கரைந்து, அவர் ஏழையாக இருந்தார்.

அவர் தொடங்கியது அவரோடு முடியவில்லை. கீழ்க்கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரியே வழக்கு நடத்தும் வழக்கத்துக்கு 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் பெருமளவு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கு நடத்தும் துறை போலீசின் பிடியில் இருக்கலாகாது என்று 1995இல் சுப்ரீம் கோர்ட் சொல்லவேண்டியிருந்தது. பிடித்தவனே வாதாடும் பழக்கம் போக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

இருக்கைகளைப் பிரித்துவிட்டோம், கைகளைக் கண்காணிக்கிறோமா? சாட்சியை அழைக்காமல் விட்டு, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, காசுக்கு வழக்கைக் கரைக்கிற அரசு வழக்கறிஞர் எங்கிருந்தாலும், அவர் கையில் இருப்பது மரக்கட்டையில்லாத கிட்டிதான். அவர் எந்தக் கட்சியின் தயவில் பதவி பெற்றவராயினும், நம்மவரே ஆயினும், கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எப்படிக் கேட்பது? லட்சுமிநரசு வழி காட்டியிருக்கிறார். வாய்தாத் தேதியைக் குறித்து வையுங்கள். வராத சாட்சியின் கணக்கை எழுதி வையுங்கள். தனியே நிற்கிறவனுடன் பத்துப் பேர் சேர்ந்து போங்கள். ஒருவன் அழுதால் அது ஓலம். 1,959 பேர் எழுதிக் கொடுத்தால் அது சாட்சியம். ஓலத்தைச் சர்க்கார் கேளாதிருக்கலாம். சாட்சியத்துக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்!