திசு வாழைக்கு வித்திட்ட தோல்வி

உங்கள் தோட்டத்தில் திசு வாழைக் கன்று நட்டிருக்கிறீர்களா? அந்தத் தொழில்நுட்பத்துக்கு வித்திட்டவர், தன் சோதனையில் ஒரு செடியைக்கூட உருவாக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

அவர் காட்லீப் ஹேபர்லாண்ட். 1854-ல் ஹங்கேரியில் பிறந்தவர். தந்தை பிரெடரிக், ஐரோப்பாவில் சோயா சாகுபடியைப் பரப்பிய வேளாண் பேராசிரியர். மகனோ, இலையின் ஒரே செல்லில் இருந்தும் முழுச் செடியை வளர்க்கலாம் என்று நம்பிய தாவரவியலாளர்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் செல்களைப் பிரித்து, சர்க்கரை கலந்த ஊட்டக் கரைசலில் வைத்தார். அவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, பருத்தன. ஆனால், ஒன்றுகூடப் பிளந்து பெருகவில்லை. அதை மறைக்காமல் 1902-ல் அப்படியே வெளியிட்டார். செல் பெருகத் தனியாக ஒரு தூண்டுபொருள் வேண்டும் என்று கருதி, உருளைக்கிழங்குத் துண்டுகளில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் தேடியவைதான் இன்று ஆக்சின், சைட்டோகைனின் எனப்படும் வளர்ச்சி ஊக்கிகள். 1945-ல் பெர்லினில் அவர் மறைந்தார். 1958-ல் அமெரிக்காவில், தேங்காய் நீர் சேர்த்த கரைசலில் கேரட் செல்கள் முழுச் செடிகளாயின. மரபணு மாற்றுப் பயிர்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் உருவாகின்றன.

உங்கள் வயலில் ஒரு சோதனை தோற்றால், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தவருக்கு அது விதை.