‘ஜன கண மன’ ஜார்ஜ் மன்னருக்காக எழுதப்பட்டதா? தாகூரை விடாமல் துரத்தும் நூறாண்டு வதந்தி

ஆகஸ்ட் 15 நெருங்கினாலே உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு ஃபார்வர்டுகள் வந்துவிடும். உலகின் சிறந்த தேசிய கீதமாக ‘ஜன கண மன’வை யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்பது ஒன்று. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைப் புகழ்ந்து தாகூர் எழுதிய பாட்டுதான் அது என்பது இன்னொன்று. சில சமயம் ஒரே சித்தப்பாதான் இரண்டையும் அனுப்பியிருப்பார்.

இரண்டுமே பொய். முதலாவதை யுனெஸ்கோவே மறுத்துவிட்டது. அதனால் பெரிய கெடுதலும் இல்லை. இரண்டாவது அப்படியில்லை. 2015ல் ராஜஸ்தான் ஆளுநராக இருந்த கல்யாண் சிங், பாட்டில் வரும் ஒரு சொல் ஆங்கிலேய ஆட்சியாளரைக் குறிக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்றார். 2025 நவம்பரில் கர்நாடக பாஜக எம்.பி. விஸ்வேஷ்வர் ஹெக்டே காகேரியும் இதே கதையை மேடையில் சொன்னார். அப்படியானால், உண்மையில் நடந்தது என்ன?

ஜாதவ்பூரில் இருந்து தொடங்கலாம்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீங்க. வலதுசாரித் தலைவர்கள் பலமுறை ‘தேச விரோதி’ முத்திரை குத்திய வளாகம் அது. ஆனால் அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா?

1905ல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். போராட்டத்தில் இறங்கும் மாணவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி அரசு சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பதிலடியாக, ஆங்கிலேயர் கட்டுப்பாட்டில் இல்லாத கல்வியை உருவாக்க 1906ல் தேசியக் கல்விக் கழகம் பிறந்தது. அதுதான் 1955ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆனது.

அந்தக் கழகத்தில் முக்கியப் பங்காற்றியவர்களில் ரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். பிரிவினை அமலுக்கு வந்த 1905 அக்டோபர் 16 அன்று, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொள்ள அழைத்துத் தெருவில் இறங்கியவர் அவர். 1907ல் அதே கழகத்துக்காக உலக இலக்கியம் பற்றி அவர் ஆற்றிய உரை, ஜாதவ்பூரின் ஒப்பிலக்கியத் துறையினர் இன்றும் தங்கள் தொடக்கப் புள்ளியாகச் சொல்வது.

டிசம்பர் 27, 1911

அந்த டிசம்பரில் மன்னர் இந்தியா வந்திருந்தார். டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்து செய்யப்பட்டது. அதே மாதம் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. 27ஆம் தேதி நிகழ்ச்சி தாகூரின் ‘ஜன கண மன’வோடு தொடங்கியது. பிறகு பிரிவினையை ரத்து செய்த மன்னருக்கு நன்றி சொல்லும் தீர்மானம் வந்தது. அதையொட்டி, மன்னரை வாழ்த்தி வேறொருவர் எழுதிய இந்திப் பாட்டு ஒன்றும் பாடப்பட்டது.

மறுநாள் இந்தியர் நடத்திய பத்திரிகைகள் இதைச் சரியாக எழுதின. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளோ இரண்டு பாட்டையும் குழப்பி, தாகூர் மன்னரை வரவேற்றுப் பாட்டு எழுதியதாகச் செய்தி போட்டன. வதந்தியின் மூலம் இவ்வளவுதான்.

1937ல் ஒரு கடிதத்தில் தாகூரே விளக்கினார். அரசுத் தரப்புக்கு நெருக்கமான நண்பர் ஒருவர் மன்னரைப் புகழ்ந்து எழுதக் கேட்டாராம். அந்தக் கோபத்தில்தான், காலங்காலமாக இந்தியாவை வழிநடத்தும் இறைவனைப் பற்றி அவர் எழுதினார். அந்த வழிகாட்டி எந்த ஜார்ஜாகவும் இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்க. 1919 தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோதுதான் இந்தப் பாட்டை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதங்களில் ஜாலியன்வாலா பாக் படுகொலை. மே மாதக் கடைசியில், அதே ஐந்தாம் ஜார்ஜ் அரசு தந்த ‘சர்’ பட்டத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டார். மன்னருக்குத் துதி பாடியவர் செய்கிற காரியமா இது?

அப்புறம் ஏன் இவர் மேல் குறி?

ஏன்னா தாகூர் ஆங்கிலேயரை மட்டும் விமர்சிக்கவில்லை. சுதேசி இயக்கத்தில் அந்நியத் துணிகளை எரித்தபோது, விலை குறைந்த அந்தத் துணியை நம்பியிருந்த ஏழை முஸ்லிம் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் மிரட்டப்படுவதைப் பார்த்து விலகினார். தேசத்தைத் தெய்வமாக்கி, அதன் பெயரில் எதையும் நியாயப்படுத்தும் தலைவரை 1916ல் வெளிவந்த ‘கரே பைரே’ நாவலில் படைத்தார். அதே ஆண்டு ஜப்பானுக்குப் போய் அங்குள்ளவர்களின் தேசியவாத வெறியை எச்சரித்தார். ஆரவாரமாக வரவேற்றவர்களே, தோற்றுப்போன நாட்டின் கவிஞர் என்று ஒதுக்கினார்கள்.

இந்தக் கருத்துகள் இன்றும் உறுத்துகின்றன. 2017ல் ஆர்.எஸ்.எஸ். சார்புள்ள ஒரு கல்வி அமைப்பு, என்சிஇஆர்டி பாடநூல்களிலிருந்து நீக்கக் கேட்ட பட்டியலில் தாகூரின் சிந்தனைகளும் இருந்தன. ஒருவருடைய வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். அவர் அந்நியனின் ஆள் என்று சொல்லிவிடுவது சுலபம். வதந்தி இத்தனை காலம் உயிரோடு இருக்க இதுவே காரணம்.

அவரும் ஏமாந்தார்

தாகூரைத் தவறே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1926ல் முசோலினியின் விருந்தாளியாக இத்தாலி போனார். உபசாரத்தில் மயங்கினார். சில நல்ல வார்த்தைகளும் சொன்னார். அவருக்கு இத்தாலிய மொழி தெரியாது. அங்குள்ள பத்திரிகைகள் அவர் பேச்சை ஊதிப் பெருக்கி, பாசிசத்துக்குக் கொடுத்த நற்சான்றாகவே மாற்றிவிட்டன.

பிறகு சுவிட்சர்லாந்தில் எழுத்தாளர் ரொமைன் ரோலந்தைச் சந்தித்தார். பாசிச வன்முறைக்குத் தப்பி வந்தவர்களிடமும் பேசினார். விஷயம் புரிந்தது. ஆகஸ்டில் ‘மான்செஸ்டர் கார்டியன்’ நாளிதழில் பாசிசத்தைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். புகழ்ந்த அதே இத்தாலியப் பத்திரிகைகள் அவரை வசைபாடின.

உலகப் புகழ் பெற்ற, நோபல் வாங்கிய ஒருவரே பொய்ச் செய்தியில் சிக்கினார் என்றால், நாம் சிக்குவது அதிசயமில்லை. ஆனால் தவறு எனத் தெரிந்ததும், கௌரவம் பார்க்காமல் ஊரறியத் திருத்திக்கொண்டார்.

1941 ஆகஸ்ட் 7 அன்று தாகூர் மறைந்தார். 1950ல் ‘ஜன கண மன’ தேசிய கீதமானது. அந்தத் தவறான செய்திக்கும் அவர் எழுதிய விளக்கத்துக்கும் நடுவே 26 ஆண்டுகள். அவ்வளவு நேரம் உங்களுக்குத் தேவையில்லை. அடுத்த முறை சித்தப்பா அந்த ஃபார்வர்டை அனுப்பினால், அன்று பாடப்பட்டது ஒரு பாட்டல்ல, இரண்டு என்று மட்டும் பதில் போடுங்க. அங்கிருந்து பேச்சு தொடங்கட்டும்.