படுக்கை வண்டிப் பணியாளரின் தலைவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விமானப் பணியாளர் தம் ஊதிய உயர்வு குறித்தும் இலாபப் பங்கு குறித்தும் கம்பெனியாரோடு வாதிடுங்கால், தாமே தெரிந்தெடுத்த சங்கத்தின் வாயிலாகப் பேசும் உரிமையுடையர். அவ்வுரிமையைத் தருஞ் சட்டம் புகைவண்டித் தொழிலாளர்க்கென 1926இல் இயற்றப்பெற்று, 1934இல் திருத்தப்பெற்று, 1936இல் விமானத் தொழிலுக்கும் விரிக்கப்பெற்றதாகும். அச்சட்டத்தைக் கருவியாகக் கொண்டு, எளியோரினும் எளியோரை நிமிர்ந்து நிற்கச் செய்தவர் ஏ. பிலிப் ராண்டால்ப். அவர்தம் வரலாற்றை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றோம்.

இவர் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் புளோரிடா மாகாணத்துக் கிரெசென்ட் நகரில் பிறந்தார். தந்தையார் கறுப்பின மக்களின் மெதடிஸ்டுத் திருச்சபையொன்றிற் குருவானவர். சபை தந்த வருவாய் போதாமையால் தையற்றொழிலும் செய்தார். அன்னையாரும் தையலில் வல்லவர். வறுமை மிக்க அவ்வில்லத்தில் புத்தகங்களுக்கு மட்டும் குறைவில்லை. குக்மன் கல்விச்சாலையிற் கற்றுத் தேறிய ராண்டால்ப், 1911இல் நியூயார்க் சென்று, பகலில் கிடைத்த கூலிவேலை செய்து, இரவிற் பயின்றார். நாடக மேடையிலும் அவருக்கு ஆசை இருந்ததாம். பின்னாளிற் கூட்டங்களைக் கவர்ந்த அக்கம்பீரக் குரலுக்கு அப்பயிற்சி உதவியிருக்கும் என எண்ணுகின்றோம். 1917இல் நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் 'மெசெஞ்சர்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்.

அக்காலத்துப் புல்மன் கம்பெனியின் படுக்கை வண்டிகளில் பணியாளராயிருந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்களே. படுக்கை விரித்தலும், பெட்டி சுமத்தலும், பயணிகள் உறங்கும்போது அவர்தம் காலணிகளுக்கு மெருகிடுதலும் இவர்கள் கடமை. மெருகுக் களிம்பையோ தம் பணத்தில் வாங்கவேண்டும். மாதம் 400 மணி நேரமேனும் 11,000 மைலேனும் உழைத்தால் கிடைத்த ஊதியம் 67½ டாலர். எஞ்சியது பயணிகள் விரும்பிக் கொடுக்கும் சில்லறை. இவற்றினும் கொடியதொன்று உண்டு. பணியாளர் எவராயினும் 'ஜார்ஜ்' என்றே அழைக்கப்பட்டார். அது கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் புல்மனின் பெயர். பெற்றோர் இட்ட பெயரையும் இழந்து பிழைப்பதை என்னென்பது!

கம்பெனியார் தம் செலவிலேயே ஒரு சங்கம் வைத்திருந்தனர். தன்னை நடத்துவோரை எதிர்த்து அஃது எங்ஙனம் பேசும்? ஆகவே பணியாளர் சிலர் ராண்டால்பை நாடினர். அவர் படுக்கை வண்டியில் ஒருநாளும் பணிபுரிந்தவரல்லர். அதுவே அவரது வலிமையாயிற்று. கம்பெனியின் சம்பளம் உண்ணாதவரை வேலைநீக்கம் செய்தல் யாங்ஙனம்? 1925 ஆகஸ்டு 25ஆம் நாள் ஹார்லெமில் புதிய சங்கம் பிறந்தது.

அடுத்த பத்தாண்டுகள் துன்பக் காலம். சங்கத்திற் சேர்ந்தோர் பலர் வேலையிழந்தனர். 1928இல் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்து, இறுதி நேரத்தில் அதனைக் கைவிட்டார் ராண்டால்ப். பலர் அவரைக் கோழையெனப் பழித்தனர். அங்ஙனம் கூறுவது நேர்மையன்று என்பது எம் கருத்து. தோல்வி நேர்ந்திருப்பின் பட்டினி கிடப்போர் அவர் அல்லர், பணியாளரின் மக்களே. எனினும் நம்பிக்கை தளர்ந்தது. உறுப்பினர் தொகை ஆயிரத்தினுங் கீழே இறங்கிற்று. அந்நாட்களில் அவர் இல்லத்தைத் தாங்கியவர் மனைவியார் லூசில். தம் கூந்தல் அலங்கார நிலையத்தின் வருவாய் கொண்டு கணவரையும் அவர் இயக்கத்தையும் காத்த அவ்வம்மையாரைச் சரித்திரக்காரர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1934இல் சட்டம் திருத்தப்பெற்றபோது காற்று மாறியது. கம்பெனியார் சங்கங்களுக்குப் பொருளீதல் தடுக்கப்பட்டது. பெரும்பான்மைத் தொழிலாளர் வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் சங்கமே பேசும் உரிமை பெற்றது. படுக்கை வண்டிப் பணியாளரும் அச்சட்டத்துள் அடங்கினர். 1935இல் இரகசிய வாக்கெடுப்பு நிகழ, ராண்டால்பின் சங்கம் பெருவெற்றி கண்டது. சங்கம் தோன்றிப் பன்னிரண்டாண்டு நிரம்பிய அதே நாளில், 1937 ஆகஸ்டு 25ஆம் நாள், புல்மன் கம்பெனியார் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மாத வேலை 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது; ஊதியமும் உயர்ந்தது.

1941இல் விமானத் தொழிற்சாலை முதலிய போர்த்தளவாடச் சாலைகள் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுத்தபோது, தலைநகர் நோக்கிப் பெருந்திரளாக நடப்போம் என்றார் ராண்டால்ப். நடக்குமுன்னரே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவ்வேற்றத்தாழ்வை விலக்கி ஆணையிட்டார். கைவிட்ட அந்நடைப்பயணம் 1963 ஆகஸ்டு 28இல் நிறைவேறியது; ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வாஷிங்டனிற் கூடினர். எழுபத்து நான்கு வயதினராய் அதற்குத் தலைமை தாங்கினார். அதனைக் காண லூசில் அம்மையார் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேயே காலமாயினார்.

பயணிகள் விமானத்தை நாடவே படுக்கை வண்டிகள் அருகின. சங்கமும் 1978இல் வேறொரு பெருஞ்சங்கத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு மே 16ஆம் நாள் ராண்டால்ப் நியூயார்க்கில் உயிர் நீத்தார்.