செங்கல்லில் ஒரு சொர்க்கம்: திருமலை நாயக்கர்

பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம், ஆண்டாள் கோயிலைப் பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடுறோம். அதே ஊர்ல திருமலை நாயக்கர் மஹால் ஒண்ணு இருக்கு. மதுரை மஹாலுக்குத் தம்பி மாதிரி, அளவுல சின்னது. ஆண்டாள் கோயில் பூசை மணி மதுரை வரைக்கும் மண்டபம் மண்டபமா ஒலிச்ச பிறகுதான் அவர் சாப்பிடுவார்னு நம்ம பக்கம் கதை சொல்லுவாங்க.

1623-ல் பட்டத்துக்கு வந்தப்போ தலைநகர் திருச்சி. அதை மதுரைக்கு மாற்றினார். 1636-ல் அரண்மனை எழுந்தது. கோயில் வேலைக்குக் கல், தன் வீட்டுக்குச் செங்கல். சிவில் பசங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவரே கட்டின புது மண்டபத்துல கல் தூண் மேல கல் உத்தரம் உட்கார்ந்திருக்கு. செங்கல்லுல அது நடக்காது. செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசைக்கு விரிசல் விட்டுடும். அதனாலதான் தூணுக்குத் தூண் ஆர்ச், மேலே குவிமாடம். பாரம் வளைவு வழியாவே தூணுக்கு இறங்கிடும். சொர்க்கவிலாசத்துல ஒரு தூணை ரெண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த பூச்சு, இன்னைக்கும் தொட்டா வழவழன்னு இருக்கு.

இந்தச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் ஆச்சுன்னும், அங்கே கிடைச்சவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகர்னும் மதுரைக்காரங்க சொல்லுவாங்க.

கடைசி வருஷங்கள் அவ்வளவு நிம்மதியா இல்லை. மைசூர்ப் படை எல்லைக்குள்ள புகுந்து ஜனங்க மூக்கை அறுத்துட்டுப் போச்சு. உடம்பு முடியாம கிடந்த ராஜாவுக்கு, ராமநாதபுரம் சேதுபதிதான் படையோட வந்து கை கொடுத்தார். 1659-ல் திருமலை நாயக்கர் இறந்தார். ஆரம்பிச்ச ராயகோபுரம் மொட்டையாவே நின்னு போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திரும்பத் திருச்சிக்கே கொண்டுபோனார். தாத்தா அரண்மனையைப் பிரிச்சு வண்டியில ஏத்தினார். கல் தூணைப் பெயர்த்து வேற இடத்துல நட்டுடலாம். ஆர்ச்சைப் பிரிச்சா கையில மிஞ்சுறது வெறும் செங்கல்தானே! மிச்சமா நின்ன கால்வாசிக்கு, 1866-லிருந்து 1872 வரை சென்னை கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தார். ரொம்ப வருஷம் அங்கே கோர்ட் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மஹாலும் கோர்ட்டாதான் பொழைச்சுக் கிடந்தது.