வானநூல் வல்ல சந்திரசேகரர்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமியில் பருத்தி எடுத்து முடிந்த பின்னர், பங்குனி மாதத்து இரவொன்றில் வரப்பின்மீது நின்று நோக்குவோர்க்கு, மரச்செறிவு மறைக்காத வானம் நாற்றிசையும் கவிந்து தோன்றும். அவ்வானத்து மீன்கள் என்றும் அழியாதனபோல் ஒளிரினும், அவற்றிற்கும் மூப்பும் முடிவும் உள. அம்முடிவு எவ்வளவினால் எவ்வாறு மாறுபடும் என்பதைக் கணக்கினால் நிறுவிய பெரியார் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர் என்பதை நம் மாணாக்கர் அறிதல் நன்றாம்.

சுப்பிரமணியம் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்கு இலாகாவில் உயர்பதவி வகித்தவர். அன்னையார் சீதாலட்சுமி அம்மாள், இப்சன் என்னும் நார்வே தேசத்து ஆசிரியரின் நாடகமொன்றைத் தமிழிற் பெயர்த்த கல்வியறிவுடையார். ஸர் சி. வி. ராமன் இவர்க்குச் சிறிய தந்தையாவார். 1918-ல் குடும்பம் சென்னைக்குக் குடிபுகவே, சந்திரசேகரர் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும், பின்னர் இராசதானிக் கல்லூரியிலும் பயின்றார்.

மைந்தர் அரசாங்க உத்தியோகம் ஏற்றல்வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். உள்ளம் நாடிய கல்வியையே தொடர்க என்பது தாயார் அறிவுரை. 1930-ல் இங்கிலாந்து செல்லும் வாய்ப்புக் கிடைத்த காலத்து அன்னையார் நோய்வாய்ப்பட்டிருந்தார். எனினும் தம்பொருட்டு மகன் தங்கலாகாது என்று அவரே வற்புறுத்தி அனுப்பினார். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் காலமாயினர். மைந்தர் கடலுக்கப்பால் இருந்தே அச்செய்தியைக் கேட்க நேர்ந்தது.

பத்தொன்பது வயதினராய்க் கப்பலிற் சென்ற அந்நாட்களில் அவர் வீணே பொழுது போக்கினாரல்லர். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் பாரத்தாலேயே சுருங்கும். அப்போது உள்ளே நெருங்கிய எலெக்டிரான்களின் எதிரழுத்தம் அதனைத் தாங்கி, வெண்குறுமீனாக நிலைபெறச் செய்யும் என்று அக்காலத்து அறிஞர் கூறினர். அவ்வெலெக்டிரான்கள் ஒளியின் வேகத்தை அணுகும்போது ஐன்ஸ்டைன் கண்ட சார்புக் கொள்கையையும் சேர்த்தல்வேண்டும் என்று கருதிய இளைஞர், கணக்கிட்டு நோக்கினார். அவ்வெதிரழுத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டென்று புலனாயிற்று. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கினும் மிக்க பொருளுடையது வெண்குறுமீனாக நிலைபெறாது. மேலும் சுருங்கியே தீரும். இதுவே பின்னர்ச் சந்திரசேகர் எல்லை எனப் பெயர் பெற்றது.

கேம்பிரிட்ஜில் 1933-ல் டிரினிடிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகிய இவர், 1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன் வானநூற் கழகத்தில் தம் முடிபை வாசித்தார். உடனே எழுந்தவர் ஸர் ஆர்தர் எடிங்டன். உலகப் புகழ் வாய்ந்த அவ்வாசிரியர், பலகாலும் இவர்தம் ஆராய்ச்சியை உடனிருந்து கேட்டு வந்தவர். தாம் மறுத்துரைக்கப் போவதை மட்டும் முன்னர்த் தெரிவித்திலர். அவர் நகையாடிப் பேசவே அவையோர் நகைத்தனர். மறுமொழி கூறவும் இளைஞர்க்கு இடங் கிடைத்திலது. பௌதிக நூலார் சிலர் இவர் கணக்கே சரியெனத் தனிமையில் ஒப்பியும், வெளிப்படையாக எடுத்துரைக்க முன்வந்திலர்.

இந்நிலையில் மனமுடைந்து கல்வியைக் கைவிடுவோர் பலர். பகைமை பாராட்டுவோர் அதனினும் பலர். சந்திரசேகரர் இவ்விரண்டும் செய்திலர். 1936-ல் லலிதா அம்மையாரை மணந்து, 1937-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்திற் பணியேற்றார். 1939-ல் தம் முடிபுகளை ஒரு நூலாக வெளியிட்டுவிட்டு, வேறு துறை புகுந்தார். எடிங்டனோடு நட்பை முறித்துக்கொள்ளவுமில்லை. 1944-ல் அவர் இறந்தபின் அவர் பெருமையை எடுத்துரைத்தவருள் இவரும் ஒருவர். ஒரு துறையைச் சில ஆண்டு முற்றக் கற்று, நூலொன்று இயற்றி, அடுத்த துறைக்குச் செல்லுதல் இவர்தம் வாழ்நாள் முறையாயிற்று.

காலம் தீர்ப்புக் கூறியது. 1967-ல் துடிமீன்கள் அறியப்பட்டன. அவை, சூரியனுக்கு ஒப்பான பொருள் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் குறுக்களவுள் ஒடுங்கிய நியூட்ரான் மீன்கள் என்று தெளிவாயிற்று. கண்மாயிற் கல்லெறியின் நீரலை கரைவரை பரவுமாறு, இத்தகைய மீன்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றின் ஆகர்ஷண அலைகள் விண்வெளியிற் பரவும். தனித்துச் சுழலும் மீனும், அதன் உருவம் ஒரு பக்கம் கோணின் அவ்வலைகளை வெளியிடும். அலை செல்லச்செல்ல ஆற்றல் குறைந்து கோணல் தணியும் என்றே எவரும் எண்ணுவர். ஓர் அளவின் மேற்பட விரைந்து சுழலுமாயின், அவ்வலைகளாலேயே கோணல் வளரவுங் கூடும் என்று 1970-ல் சந்திரசேகரர் காட்டினார். பிரீட்மன், ஷுட்ஸ் என்போர் 1978-ல் இதனை விரித்துரைத்தமையின், இந்நிலையின்மை மூவர் பெயராலும் வழங்குகிறது.

1983-ல், தம் 73-ஆம் பிறந்தநாளன்றே, நோபெல் பரிசுச் செய்தியைப் பெற்றார். 1995 ஆகஸ்டு 21-ஆம் தேதி சிக்காகோவில் உயிர் நீத்தார்.

ஆகர்ஷண அலைகள் முதன்முதல் நேரே உணரப்பட்டது 2015-ல். 2017 ஆகஸ்டு 17-ஆம் தேதி, ஏறக்குறைய 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் மீன்கள் ஒன்றோடொன்று மோதிய அலை பூமியை எட்டிற்று. ஒன்பது நாட்களின் பின் அவ்விடத்திலிருந்து வந்த எக்ஸ்-கதிர்களைக் கண்ட விண் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. 1999-ல் ஏவப்பட்ட அது, இவர் பெயரையே தாங்கியது. நம் தேசத்திலும் மகாராஷ்டிரத்து ஹிங்கோலியில் இவ்வலைகளை உணரும் நிலையம் அமைக்க 2023-ல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்துள்ளது.

மாணாக்கர்காள்! கரிசல் நிலம் கோடையில் வெடித்துக் கிடப்பினும் அடியில் ஈரத்தை விடாது காத்து, காலம் வந்தபோது பருத்தியும் கம்பும் விளைவிக்கும். அவையின் நகைப்பைப் பொறுத்து, உண்மையைக் கைவிடாது, பகைமையும் கொள்ளாது உழைத்த சந்திரசேகரர் வாழ்வும் அத்தகையதே. நாம் கண்டது மெய்யாயின், பெரியோர் மறுத்த போதும் அஞ்சாது அதனைப் போற்றிக் காத்தல் நம் கடனாகும்.