ரமணர்: உலகத்துக்கு மகரிஷி, அம்மாவுக்கு?



1896-ல் மதுரையில வீட்டை விட்டுக் கிளம்பி திருவண்ணாமலை வந்தப்போ பகவான் ரமணருக்கு வயசு 16. கோவணத்தோட மௌனமா உட்கார்ந்தவர் மேல பசங்க கல்லெறிஞ்சாங்க. பிறகு காவ்யகண்ட கணபதி முனி அவர்கிட்ட நம்ம முருகனையே கண்டார். இங்கிலாந்துக்காரர் பால் பிரண்டன் 1934-ல் எழுதின புத்தகத்தைப் படிச்சு வெளிநாட்டுக்காரங்க ஞானியைத் தேடி வந்தாங்க.

அம்மா அழகம்மாளுக்கோ அவர் வீட்டை விட்டுப் போன பிள்ளை. 1898-ல் வந்து நாள்கணக்கா அழுதாங்க. அவர் கூடப் போகல. படிக்கிறப்போ எனக்கே கோபம் வந்துச்சு.

1916-ல் அம்மாவே வந்து மகனோட தங்கினாங்க. மலை மேல கந்தாஸ்ரமம். நம்ம சேலம் உடையாப்பட்டியில இருக்கே, அதே பேர். 1922-ல் அம்மா உயிர் பிரியறவரைக்கும் ஒரு கையை நெஞ்சிலயும் ஒரு கையைத் தலையிலயும் வச்சு பக்கத்திலேயே இருந்தார். அந்தச் சமாதி மேலதான் இன்னிக்கு மாத்ருபூதேஸ்வரர் கோயில்.